நெருப்புக் கேட்கத் தெரியாதவள்

அன்பு மகனே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் வந்தபோது நான் பூண்டுப் பாத்தியில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலில் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அங்கேயே ஒரு கல்மேல் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான். கோபித்துக்கொள்ளாதே. "நான் அழாத குறையாக எழுதியிருக்கிறேன், இவளுக்குச் சிரிப்பு வருகிறதா" என்று நினைப்பாய். ஏன் சிரித்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். எட்டாவது வரை படித்தவள் நான், எழுத உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியாததா?

கொடைக்கானலில் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்கு நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. எல்லாருக்கும் டீ வாங்கித் தருகிறாய். லீவு போட்டவர்களின் வேலையையும் நீயே டைப் அடித்து வைக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அறையைப் பெருக்குவதுகூட நீதான். இவ்வளவு செய்தும் சாயங்காலம் ஆனால் ஆபீஸில் கூட வேலை பார்க்கிற நாலு பேரும் சேர்ந்து ஏரியைச் சுற்றி நடக்கப் போகிறார்கள், உன்னை ஒருத்தரும் வா என்று கூப்பிடுவதில்லை. "எனக்கு மனுஷர்களோடு ஒட்டத் தெரியவில்லை அம்மா, இந்த மாதக் கடைசியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "வரட்டும் விடு, தோட்டத்துல சோலியா இல்ல?" என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குப் புல் வைக்கப் போய்விட்டார். அவர் சொல்வதும் சரிதான். இது உன் வீடு, எப்போது வேண்டுமானாலும் வா. பூண்டு விவசாயம் பிடித்து வந்தால் தாரை தப்பட்டை வைத்து அழைத்துவருவேன். ஆட்களோடு ஒட்ட முடியவில்லை என்று வந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் காரணத்துக்காக ஒருமுறை பெட்டி கட்டியவன் போகிற ஊரிலெல்லாம் கட்டிக்கொண்டே இருப்பான். பெட்டி கட்டுவதைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். நானும் ஒருமுறை கட்டினேன். இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

நான் இந்தப் பூண்டி ஊருக்குக் கல்யாணமாகி வந்தபோது வெள்ளைக்காரன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. உன் அப்பா மட்டக்குதிரைகள் மேல் பூண்டு மூட்டை ஏற்றி மலையிறங்கி வருவார். கீழே என் ஊரான ஆயக்குடியில் உன் தாத்தா கடைக்குச் சரக்குப் போடுவார். அப்படித்தான் பேச்சு ஆரம்பித்துக் கல்யாணத்தில் முடிந்தது. புறப்படுகிற அன்று உன் தாத்தா என் டிரங்குப் பெட்டியில் மிளகாய், புளி, ஊசி, நூல், தைலம் எல்லாம் அடுக்கி, மேலே கட்டுக் கட்டாகத் தீப்பெட்டியை வைத்தார். "மலையில ஒண்ணும் கெடைக்காதாம். யாரு வாசல்லயும் போயி எதையும் கேட்டு நிக்கப்படாது தாயி, எல்லாம் கட்டியாச்சு" என்றார். பாசத்தில் சொன்னதுதான். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

எல்லாரும் என்னை விரும்ப வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. பதினேழு வயசு, புது ஊர், மதியத்திலேயே இறங்கிவிடுகிற மூடுபனி. குதிரைகள் திரும்பும்போதெல்லாம் உன் தாத்தா ஒரு கூடை கொய்யாப்பழம் அனுப்புவார். அதைத் தட்டில் அடுக்கித் தெருவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பேன். நம் தெருவில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள், உனக்கே தெரியும். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒன்றுமில்லாவிட்டால் நாலு கல் உப்பாவது வைத்துத் தருவார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிழங்கை அவர்கள் கையிலேயே திணித்துவிடுவேன். "அய்யோ, இதெல்லாம் எதுக்குங்க, எங்க வீட்டுல நெறையக் கெடக்குங்க" என்பேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைத்து மகிழ்ந்துபோவேன். மூன்றாவது கூடை வந்தபோது, "வேணாந்தா, புள்ளைகளுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றார்கள். ஒரே நாளில் தெருவிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் சளி! எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஐயோ பாவம் என்று தைலம் வேறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாயும் சும்மா இருக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் "எங்க ஊர்ல" என்று ஆரம்பிப்பேன். இங்கே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்றால், எங்க ஊர்ல கிணறு இப்படி. மாடு கன்று போட்டது என்றால், எங்க ஊர்ல மாடு அப்படி. அவர்கள் கதையை ஒருநாளும் முடிக்க விட்டதில்லை. எனக்குத் தெருவில் "எங்கூருக்காரி" என்று பேர் வைத்திருந்தார்கள். உன் அப்பாதான் ஒருநாள் சிரிப்பை அடக்க முடியாமல் உளறிவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சோறு போடவில்லை.

இதற்கெல்லாம் மேலே நெருப்பு விஷயம். அப்போது இங்கே யாரும் தீப்பெட்டிக்கு ஆசைப்பட்டதில்லை. அடுப்பில் எரிந்த நெருப்புக் கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். விடியும்போது யார் வீட்டுக் கங்கு அணைந்துபோயிருக்கிறதோ, அவள் உடைந்த பானையின் ஓட்டுத்துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் நெருப்பு வாங்கி வருவாள். வெள்ளனே எழுந்து பார்த்தால் ஓட்டுத்துண்டோடு இரண்டு மூன்று பேர் தெருவைக் கடப்பார்கள். போனவள் உடனே திரும்ப மாட்டாள். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வரும். நான் என் வீட்டுக்குள் உட்கார்ந்து "சர்ர்" என்று தீக்குச்சியைக் கிழித்து ஒரு நொடியில் அடுப்பு மூட்டிவிடுவேன். பாவம், இவர்களுக்கு இந்த வசதி இல்லையே என்று இரக்கப்பட்டேன். ஆளுக்கொரு தீப்பெட்டி கொடுக்கவும் போனேன். வாங்க ஆள் இல்லை.

ஆறு மாதத்தில் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. கொய்யாப்பழம் கொடுத்தாயிற்று, தைலம் கொடுத்தாயிற்று, தீப்பெட்டியும் கொடுத்துப் பார்த்தாயிற்று, என் வாசல்படி ஏறி ஒருத்தியும் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். உன் அப்பா சந்தைக்கு இறங்கியவர், ஓடைகளில் வெள்ளம் வந்து கீழேயே மாட்டிக்கொண்டார். அவர் வந்ததும் அடுத்த நடைக்கு நானும் கூட இறங்கி ஆயக்குடிக்குப் போவது, போனால் திரும்புவதில்லை என்று முடிவு கட்டினேன். சேலைகளை மடித்து டிரங்குப் பெட்டியைக் கட்டியும் வைத்தேன். அப்போது நீ வயிற்றில் மூன்று மாதம். அதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஒரு மனுஷி வந்து என்னடி செய்கிறது என்று கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மழை ஐந்தாம் நாளும் விடவில்லை. காலையில் தீக்குச்சியை உரசினேன். நமுத்துப்போய் மருந்து களிமண் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி, கட்டைப் பிரித்து எல்லாவற்றையும் உரசிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பற்றவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்கப் பழைய நீராகாரம்தான். குளிரில் பல் தந்தியடிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, எதிர் வீட்டுப் புகை கூரை வழியாக வந்து ஆசை காட்டுகிறது. போய் ஒரு கங்கு கேட்டால் முடிந்தது. கால் நகரவில்லையே! மறுநாள் காலையும் அப்படியே ஆனபோது, உன்னை நினைத்துத்தான் எழுந்தேன். எனக்காக என்றால் இன்னொரு நாளும் கிடந்திருப்பேன், அவ்வளவு வீம்பு. உடைந்த பானையிலிருந்து ஒரு ஓட்டுத்துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, எதிர் வீட்டு வேலாயி பெரியம்மா வாசலில் போய் நின்றேன்.

"ஆரு அது? ஏத்தா, இந்த மழையில என்னத்தா?"

"அக்கா, கங்கு ஒண்ணு தாங்கக்கா. எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சு கெடக்குங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பெரியம்மா என்னையும் என் கையிலிருந்த ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெருவே கேட்கிற மாதிரி ஒரு கூப்பாடு போட்டார். "ஏடி மாரி! வெரசா வாடி! ஆயக்குடிக்காரி நெருப்புக் கேட்டு வந்துட்டாடி!" செத்தேன் என்று நினைத்தேன். ஊர் கூடிச் சிரிக்கப்போகிறது, ஓட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஊர் கூடத்தான் செய்தது. ஆனால் ஆளுக்கொரு கங்கோடு கூடியது! கால் நாழிகையில் என் அடுப்படியில் நாலு பெண்கள். ஒருத்தி ஊதுகிறாள், ஒருத்தி விறகைக் காய வைக்கிறாள், ஒருத்தி வீட்டிலிருந்து கஞ்சியும் பூண்டுத் துவையலும் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வழக்கம்போலத் திறந்தது. பசி அதற்கு முந்திக்கொண்டது. இரண்டு கும்பா குடித்தேன்.

பெரியம்மா கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். "பொட்டி எங்கத்தா கெளம்புது?" என்றார். "துணி நனையுதுங்கக்கா, அதான்" என்று புளுகினேன். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மசக்கையா?" என்றார். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன். தலையைத் தடவிக்கொண்டே திட்டினார் பார், அதை இன்றைக்கும் மறக்கவில்லை. "ஏத்தா, நீ குடுக்குறதை நாங்க வாங்கணும். நாங்க குடுத்தா நீ தொட மாட்ட. அப்ப நாங்க என்ன, பழனி மலைப் படிக்கட்டுல துண்டு விரிச்சா உக்காந்திருக்கோம்?" எனக்குச் சுரீர் என்றது. ஆறு மாதமாக நான் வீட்டுக்கு வீடு செய்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

நாலு நாள் கழித்து உன் அப்பா வந்தார். அடுப்படியில் இடமில்லாமல் இரண்டு பேர் அந்த டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன இது, தேர்த்திருவிழாவா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே வந்தார். நீ வரப்போகிற சேதியை என் வாயால் கேட்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை. நாலு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. தினமும் ஓட்டோடு கிளம்பிவிடுவேன். ஒருநாள் வேலாயி பெரியம்மா நெருப்புக் கேட்டு என் வீட்டுக்கு வந்து அரை நாள் பேசிக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடப் போனால், அவர் வீட்டு அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கிறது! "என்னக்கா, நெருப்பு இருக்கே?" என்றேன். "நெருப்புக்கா வந்தேன்? போடி இவளே" என்றார். ஊரே இப்படித்தான் கங்கை அணைத்து அணைத்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது, நான் மட்டும் தீப்பெட்டியோடு உட்கார்ந்து இரக்கப்பட்டிருக்கிறேன். பூண்டு நடுவதும் அப்படித்தான். கீழ்நாட்டுக்காரி எனக்கு எது தெரியும்? யாரையும் கேட்காமல் ஒரு பாத்தி முழுக்கப் பல்லைத் தலைகீழாக ஊன்றி வைத்திருந்தேன். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சொன்னால் "எங்க ஊர்ல" என்பாளே என்று வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள். "எப்படிக்கா நடணும்?" என்று நானாகக் கேட்ட அன்று, மாரி அக்கா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாத்திப் பூண்டு கழுத்து வளைந்து கோணல் கோணலாக வந்தது. அதை வைத்து ஒரு வருஷம் சிரித்தோம். உண்மையைச் சொல்கிறேன், நான் நன்றாக நட்டிருந்தால் மாரி அக்காவும் நானும் இவ்வளவு நெருங்கியிருக்க மாட்டோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சிரிப்பு போய்விடுகிறது. இவ்வளவு பட்டும், உன்னை வளர்க்கும்போது நான் அப்படியே உன் தாத்தாவாக மாறிவிட்டேன். பதினோரு வயசில் உன்னைக் கொடைக்கானலில் படிக்க விட்டபோது ஊசி முதல் தைலம் வரை கட்டிக் கொடுத்து, யாரிடமும் எதையும் கேட்காதே என்று நானும்தானே சொல்லி அனுப்பினேன்? கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போன அன்று குளிர் தாங்காமல் நடுங்கிய உனக்கு, உன் வகுப்பு யோவான் தன்னுடைய இரண்டாவது ஸ்வெட்டரைக் கொடுத்தான். லீவுக்கு அதைப் போட்டுக்கொண்டு வந்து எவ்வளவு குதித்தாய்! நான் என்ன செய்தேன்? அடுத்தவன் உடுப்பு உனக்கு எதற்கு என்று கழற்ற வைத்து, துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். நீ அழுதுகொண்டே கொண்டுபோனாய். அதற்குப் பிறகு உன் வாயில் யோவான் பேர் வரவேயில்லை. அந்தப் பையன் கொடுத்தது கம்பளி நூல் இல்லையடா, உன்னோடு இருக்க ஆசைப்பட்டுக் கொடுத்தான். அதை நான் திருப்பி அனுப்பினேன். அந்தத் தப்பு என்னுடையது. உனக்கு ஒட்டத் தெரியவில்லை என்று இனி எழுதாதே, ஒட்ட வந்தவனைப் பிரித்து அனுப்பப் பழக்கியவள் நான்.

போன மாதம் காய்கறி லாரியில் உன்னைப் பார்க்க வந்தேனே, நினைவிருக்கிறதா? லாரியில் மூன்று மணி நேரம் குளிரில் குலுங்கி வந்து உன் அறையில் உட்கார்ந்ததும், உன்னோடு வேலை பார்த்து உன் அறையிலேயே தங்கியிருக்கிற கண்ணாடிக்காரர் எழுந்து, "அம்மா, ஸ்டவ் ரெடியா இருக்குங்க, ஒரு காப்பி போடட்டுங்களா?" என்றார். நீ என்ன சொன்னாய்? "வேண்டாம் சார், இப்பத்தான் குடிச்சோம்." யார் குடித்தது? எனக்கு அந்தக் காப்பி எவ்வளவு வேண்டியிருந்தது தெரியுமா? நாக்கில் எச்சிலே ஊறிவிட்டது! அதை விடு. நீ வேண்டாம் என்றதும் அவர் கையிலிருந்த டம்ளரை மெதுவாக அலமாரியில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற உன் நல்ல மனசு எனக்குத் தெரிகிறது. அவருக்கு எப்படித் தெரியும்? இவனுக்கு நம்முடைய காப்பிகூட வேண்டாம் என்றுதானே நினைத்திருப்பார்? அப்படி நினைக்கிறவர் ஏரிக்கு வா என்று எந்த தைரியத்தில் உன்னைக் கூப்பிடுவார்?

அதனால் டீ வாங்கித் தருவதைக் கொஞ்சம் நிறுத்து. யாராவது உனக்கு வாங்கித் தந்தால் குடி, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடி. அடுத்தவர் வேலையை அள்ளிப் போட்டுக்கொண்டு செய்யாதே. உனக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கும், அதை வேறு ஒருத்தரிடம் போய்க் கேள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேள், நடுவில் பூண்டியை இழுத்துவராதே. அதற்காகக் கேட்டுக் கேட்டு ஆளைப் பிழிந்துவிடாதே. நானும் ஆரம்பத்தில் வெறி பிடித்து ஒரே நாளில் மூன்று முறை நெருப்புக்குப் போய், "ஏத்தா, உன் அடுப்பை இங்கயே தூக்கியாந்திரு" என்று பெரியம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். இன்னொன்று, எல்லாருக்கும் உன்னைப் பிடிக்காது. கடைசி வீட்டு அம்மாவுக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் என்னைப் பிடித்ததில்லை. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். அப்புறம், போனால் போகட்டும், மீதித் தெரு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். எதிரே வந்தால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவோம், அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது.

கடைசியாக, சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்துவிட்டது, ஊசியும் வெள்ளை நூலும் லாரியில் கொடுத்து அனுப்பம்மா என்று கேட்டிருக்கிறாய். வழக்கம்போல ஓடிப்போய் எடுத்துப் பொட்டலமும் கட்டிவிட்டேன். கட்டிய பிறகு பிரித்து எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அனுப்ப மாட்டேன். கடையிலும் வாங்கக் கூடாது, என் மேல் ஆணை. இன்றைக்குச் சாயங்காலமே அந்தச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணாடிக்காரரிடம் போய், "சார், உங்ககிட்ட ஊசி நூல் இருக்குங்களா?" என்று கேள். கூச்சத்தில் வேர்க்கும். எனக்கும் வேர்த்தது, அதனால் செத்துவிடவில்லை. இல்லை என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டுப் பொத்தானில்லாத சட்டையோடு புறப்பட்டு வா, நானே தைத்துத் தருகிறேன், அப்புறம் ஒரு வார்த்தை புத்தி சொல்ல மாட்டேன். ஊசியைக் கொடுத்தார் என்றால், நீ எனக்குப் பெரிதாகப் பதில் எழுத வேண்டாம். நாலு பக்கம் எழுதினாயே, அதில் ஒரு மனுஷர் பேர்கூட இல்லை. ஒரு கார்டு வாங்கி, அவர் பேர் என்ன என்று மட்டும் எழுதிப் போடு.

உன் அம்மா